அக்காவின் பீன்ஸ் சட்டி

எங்கள் தெருவில் அக்கா கோராவைப் போல பீன்ஸ் வேகவைக்க ஆள் கிடையாது. கூடவே சோள ரொட்டியும் சுடுவாள். இதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். சரியான இடம்தானா என்று தெரியவில்லை.

கோழி வெட்டும் ஆலையில் விழுந்து முதுகெலும்பு நொறுங்கியபின் அக்காவால் வேலைக்குப் போக முடியவில்லை. ஊனமுற்றோர் உதவித்தொகை கேட்டோம், மறுத்தார்கள். அதை எதிர்த்து மனு போட்டதும், நீதிபதி தொலைபேசியிலேயே விசாரிப்பார் என்று தகவல் வந்தது. நான் மாலை வகுப்பில் வக்கீல் உதவியாளர் படிப்பு படிக்கிறேன். "வக்கீல் எதுக்குடி டெஸ், நீதான் இருக்கியே" என்றாள் அக்கா.

டுவைட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவன் முதலில் எங்கள் வீட்டுக்கு வந்தது என் காருக்கு பேட்டரி மாற்ற. அன்று நான் நீலச் சட்டை போட்டிருந்தேன். அவன் அதைக் கவனித்ததாகத்தான் நினைத்தேன். கை கழுவ உள்ளே வந்தவன் சமையலறையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"கோரா, இந்த பீன்ஸுக்காகவே உன்னைக் கட்டிக்கலாம் போலிருக்கே."

"முதல்ல தட்டைக் கழுவி வை. மாப்பிள்ளை ஆகுறதை அப்புறம் பாத்துக்கலாம்."

நானும் சிரித்தேன். நன்றாகத்தான் சிரித்தேன்.

உதவித்தொகை வந்ததும் படிக்கட்டு இல்லாத ஒரு வீட்டுக்கு அக்காவும் அவனும் குடிபோவதாகப் பேச்சு. ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு அங்கே சாப்பாடு உண்டு என்றார்கள்.

ஆகவே அவளைத் தயார்செய்தேன். சாப்பாட்டு மேசையில் தினமும் நான்தான் நீதிபதி.

"சமைப்பீங்களா?"

"சமைப்பேன். ஆனா ஸ்டூல்ல உக்காந்துதான், சட்டியை டெஸ்தான் இறக்கி..."

"புலம்பாதேக்கா. அழுமூஞ்சிங்களைக் கண்டா நீதிபதிக்கு ஆகாது. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. சமைப்பீங்களா?"

"தினமும் சமைக்கிறேன், ஐயா."

அக்கா எதையும் சீக்கிரம் பிடித்துக்கொள்வாள். நான் ஒரு பொய்யைக்கூடச் சொல்லித்தரவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

விசாரணையன்று போனை ஸ்பீக்கரில் போட்டோம். சமையல்? தினமும். நாயை வெளியே கூட்டிப்போவது? நான்தான், ஐயா. எங்கள் கிழட்டு நாய் வாசல்படியைத் தாண்டாது. நீதிபதி அதைக் கேட்கவில்லை. பாதியில் அக்கா எழுந்து சுவரில் சாய்ந்ததும், உதட்டைக் கடித்துக்கொண்டதும் போனில் போகாது. குரல் மட்டும் தெளிவாகப் போனது. கடைசியில் அவர், "கூட இருக்கிற தங்கச்சி ஏதாவது சொல்லணுமா?" என்றார். அக்கா என்னைப் பார்த்தாள்.

"இல்லைங்க ஐயா. அக்கா எல்லாத்தையும் சரியா சொல்லிட்டா."

முந்தைய வாரம்தான் எங்கள் ஆசிரியை வகுப்பில் சொல்லியிருந்தார்: தொலைபேசியில் நீதிபதிக்கு ஆள் கண்ணுக்குத் தெரியாது. 'முடியும்' என்று மட்டும் சொன்னால் வழக்கு அங்கேயே போயிற்று. எப்படி முடிகிறது, முடித்தபின் எவ்வளவு நேரம் படுத்துக் கிடக்கிறார் என்பதைச் சொல்லவைப்பதுதான் உங்கள் வேலை. அந்தப் பாடத்தில் வகுப்பிலேயே எனக்குத்தான் முதல் மதிப்பெண்.

கோரிக்கை தள்ளுபடி ஆனது. "நானே வாயால கெடுத்துக்கிட்டேன்டி" என்று அக்கா அழுதாள். தலையைத் தடவிக்கொடுத்தேன். அந்த வீட்டுக்கு வேறு யாரோ குடிவந்துவிட்டார்கள். டுவைட் இன்னும் எங்கள் சமையலறைக்குத்தான் வருகிறான். அவன் வரும் நாட்களில் நீலச் சட்டை போட்டுக்கொள்கிறேன்.

மேல்முறையீடு செய்திருக்கிறோம். "இந்தத் தடவையும் நீயே சொல்லிக் குடு" என்கிறாள் அக்கா. சரி என்றேன். என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?