மேலூர்க்காரி

மணி ஏழு ஐந்து. மார்கழி மாதம். பூதலூர் ஸ்டேஷனில் பாசஞ்சர் நின்று, பத்துப் பதினைந்து பேரை இறக்கிவிட்டுக் கிளம்பிப் போய்விட்டது. டீக்கடையில் கொஞ்சம் வெளிச்சம். அதைத் தாண்டினால் வாய்க்கால் கரை ரோடு... ஒன்றரை கிலோமீட்டர். ஒரு பக்கம் தண்ணீர். மறு பக்கம் கதிர் வாங்குகிற சம்பா. இடையில் இரண்டே இரண்டு விளக்குக் கம்பம். அதில் ஒன்று எரியாது.

அந்த ரோட்டில் தினமும் தனியாக நடந்து வீட்டுக்குப் போனவள் மேகலா. என்னோடு வேலை பார்க்கிற செந்தில்குமாரின் தங்கை. செந்தில் இதை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னான். நாளைக் காலையில் அறுபதாம் கல்யாணத்தை வைத்துக்கொண்டு, திருக்கடையூர் லாட்ஜில் கரண்ட் இல்லாத ஹாலில் உட்கார்ந்து இதைச் சொல்ல வேண்டுமா என்று சரசா அத்தை கேட்கிறாள். பேய்க்கதை சொல்லு என்று கேட்டது நீங்கள்தான். அந்த ஜன்னலைச் சாத்திவிட்டு நெருங்கி உட்காருங்கள்.

மேகலா நர்ஸ். தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. அவளுக்கு ஒரு சிநேகிதி, பர்வின். சீர்காழிப் பக்கம். நர்சிங் காலேஜில் நான்கு வருஷம் ஒரே அறை, ஒரே தட்டு. இரண்டு பேரும் ஜெர்மனிக்குப் போவதென்று முடிவெடுத்து, சாயங்கால வகுப்பில் சேர்ந்து அந்தப் பாஷையைப் படித்தார்கள்.

மேகலாவுக்குப் பாஷை சட்டென்று வந்துவிட்டது. பர்வின் திணறினாள். "இந்த டெர், டீ, டாஸ் என் மண்டையில ஏறவே மாட்டேங்குதுடி" என்பாள். ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் முன்னால் ஆண்பால் பெண்பால் காட்ட வருகிற சொற்கள் அவை. மேகலாதான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள். கடைசியில் இரண்டு பேரும் பாஸ்.

பிறகு ஒரு இடம் வந்தது. ஒரே ஒரு இடம். மலைகளுக்கு நடுவில் வைடன்பாக் என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு முதியோர் இல்லம். அதற்கு இரண்டு பேரையும் வீடியோவில் நேர்காணல் செய்வதாக ஏஜென்சியில் சொன்னார்கள்.

மேகலா அந்த ஊரைப் படிக்க ஆரம்பித்தாள். தெரு வரைபடம், பழைய ஆவணம், ஊர்க்காரர்கள் இணையத்தில் போட்டிருந்த சரித்திரம், எல்லாம். மொத்தமே அறுபது வீடு. மேற்கிலிருந்து ஒரு ஓடை வந்து ஊரை இரண்டாகப் பிளக்கிறது. வடக்கே காடு மூடிய குன்று. நடுவில் ஒரு மேடு, மேட்டின் மேல் தடித்த கோபுரத்தோடு ஒரு சர்ச். எழுநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மடத்தின் சாசனத்தில்தான் ஊரின் பெயர் முதலில் வருகிறது. வருஷத்துக்கு இத்தனை மரக்கால் தானியம், இத்தனை கோழி மடத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று.

அந்தச் சாசனத்தில் இன்னொரு ஊரும் இருக்கிறது. குன்றின் மேலே, அரை மணி நடை. பதினான்கு வீடு. இப்போது அங்கே ஊர் இல்லை. வெறும் புல்வெளி, தூர்ந்துபோன ஒரு கிணறு, அவ்வளவுதான்.

என்ன ஆயிற்று என்றால்... கொள்ளை நோய். ஐரோப்பா முழுக்கப் பிணமாக விழுந்த காலம். முதலில் குன்றின் மேலே இருந்த அந்த மேலூரில் கண்டது. மிச்சமிருந்தவர்கள் கீழே ஓடி வந்தார்கள். கீழூர்க்காரர்கள் ஊரைச் சுற்றி வேலி கட்டி, மரக்கதவைச் சாத்தித் தாழ்போட்டுவிட்டார்கள். மேலூரில் இரண்டு தோழிகள் இருந்தார்களாம். ஒருத்தி அதற்கு முந்தின வருஷம்தான் கீழூரில் வாழ்க்கைப்பட்டவள். அவள் கதவுக்கு உள்ளே. இன்னொருத்தி வெளியே. பொழுது சாய்ந்ததும் வெளியே இருந்தவள் கதவைத் தட்டி, உள்ளே இருந்தவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். மூன்று ராத்திரி கூப்பிட்டாள். உள்ளே இருந்தவளுக்குக் கேட்டது. அவள் திறக்கவில்லை. பனி உருகியதும் ஊர்க்காரர்கள் கதவைத் திறந்து பார்த்தார்கள். வெளிப்பக்கத்தில் கை எட்டுகிற உயரம் வரைக்கும் மரம் பிறாண்டி வெளுத்திருந்தது. ஆள் இல்லை. எலும்புகூட இல்லை.

இதையெல்லாம் மேகலா ஜெர்மனில் மனப்பாடம் செய்தாள். எங்கே தெரியுமா... அந்த வாய்க்கால் ரோட்டில். தினமும் நடந்துகொண்டே, சத்தமாக, யாருமில்லாத இருட்டுக்குச் சொல்லிக்கொண்டு போவாள்.

நேர்காணலுக்கு முதல் நாள் பர்வினுக்கும் சொல்லிக் காட்டினாள். "சரியா வருதா பாருடி" என்றுதான் சொன்னாள். பர்வின் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

மறுநாள் பர்வினை முதலில் கூப்பிட்டார்கள். பத்து நிமிஷம். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. அடுத்தது மேகலா. ஓடையைச் சொன்னாள், சர்ச்சைச் சொன்னாள், மேலூரைச் சொன்னாள். திரையில் இருந்த அம்மாள் அவளை நிறுத்தினாள். "இதை உன் சிநேகிதி இப்போதுதான் அழகாகச் சொன்னாள். நீ வேறு ஏதாவது சொல்லேன்" என்றாள். மேகலா வேறு எதையும் படித்து வைத்திருக்கவில்லை; மறுபடியும் ஓடையிலிருந்தே ஆரம்பித்தாள்.

வெளியே வந்ததும் பர்வின் அவள் கையைப் பிடித்தாள். "பயத்துல வாயில வந்தது அதுதான்டி. வேணும்னு செய்யல."

"பரவால்லடி" என்றாள் மேகலா.

இடம் பர்வினுக்குத்தான் கிடைத்தது. ஜெர்மனிக்குப் போய்விட்டாள். தினமும் அங்கிருந்து போட்டோ வரும். பனி. ஜன்னலோரம் ஒரு கட்டில். சிவப்புக் கம்பளிக் குல்லாய். கூடவே குரல் செய்தி: "நீ சொன்ன மாதிரியே இருக்குடி. அந்த ஓடை, சர்ச், அப்படியே."

நீ சொன்ன மாதிரியே. அந்த வார்த்தைதான் மேகலாவைத் தின்றது. அவள் பதிலுக்கு ஒரு இதயம் போட்டுவிட்டுப் போனைக் கட்டிலில் எறிவாள். மறுபடியும் எடுப்பாள். போட்டோவைப் பெரிதாக்கி ஜன்னல் திரையின் நிறம் பார்ப்பாள், மேசையில் என்ன டம்ளர் என்று பார்ப்பாள். நான் படுக்க வேண்டிய கட்டில். நான் பார்க்க வேண்டிய பனி. சோறு இறங்கவில்லை. பத்து நாளில் வளையல் முழங்கை வரைக்கும் ஏறியது என்றான் செந்தில்.

வேலை முடிந்து நடந்து வரும்போது ஜெர்மனில் பேசுவதை மட்டும் அவள் விடவில்லை. ஆனால் ஓடையும் சர்ச்சும் இப்போது இல்லை. அந்தக் கதவு மட்டும். தட்டினாள்... கூப்பிட்டாள்... உள்ளே இருந்தவள் திறக்கவில்லை. திரும்பத் திரும்ப அதையே.

தினமும் ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருந்தால்... கேட்க யாராவது வந்துவிடுவார்கள் போலிருக்கிறது.

முதல் நாள் சத்தம்தான். பின்னால். டொக்... டொக்... தார் ரோட்டில் மரக்கட்டை படுகிற சத்தம். இவள் நின்றால் அது நிற்கும். நடந்தால் நடக்கும். இரண்டாம் நாள் நாற்றம் வந்தது. நனைந்த ஆட்டு ரோமம், புளித்த புகை. நம் பக்கத்து நாற்றம் இல்லை. மூன்றாம் நாள் வாய்க்காலில் தவளைகள் எல்லாம் ஒரே சமயத்தில் வாயை மூடின. மேகலா திரும்பிப் பார்த்தாள். எரியாத கம்பத்தடியில் ஒருத்தி நின்றாள். தலையில் துணி. முகம் தெரியவில்லை. இரண்டு கையும் தொங்கின. விரல் நுனிகள் மட்டும் கறுத்திருந்தன.

"ஓடலையா" என்று செந்திலைக் கேட்டேன். அவனும் அவளிடம் அதைத்தான் கேட்டானாம். "பயமா இல்லண்ணே. அவளும் என்னை மாதிரின்னு தோணுச்சு" என்றாளாம்.

நான்காம் நாள் அது பேசியது. ஒரே வார்த்தை. "வோ?"

ஜெர்மனில் 'எங்கே' என்று அர்த்தம்.

மேகலாவுக்குப் புரிந்தது. யாரைத் தேடுகிறது என்றும் புரிந்தது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பேசாமல் நடந்திருக்கலாம். அவள் நின்று, நிதானமாக, தெருப் பெயரைச் சொன்னாள். கதவு எண்ணைச் சொன்னாள். மாடி அறை என்று சொன்னாள். கடைசியில் தமிழில், "பர்வின்னு பேர் சொல்லிக் கூப்பிடு" என்றாள்.

தவளைகள் மறுபடியும் கத்த ஆரம்பித்தன. கம்பத்தடியில் யாருமில்லை.

அன்றைக்கு ராத்திரி ஒன்பது மணி சுமாருக்குப் பர்வின் கூப்பிட்டாள். அங்கே அப்போதுதான் பொழுது சாய்கிற நேரம்.

"மேகலா, கீழ யாரோ கதவத் தட்டுறாங்கடி. இல்லத்துல எல்லாரும் பக்கத்துக் கட்டடத்துல இருக்காங்க. இந்த வீட்டுல நான் மட்டும்தான் இருக்கேன்."

மேகலா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"இரு... பேர் சொல்லிக் கூப்பிடுறாங்க." அறைக்குள் நாலு எட்டு நடக்கிற சத்தம் கேட்டது. பிறகு பர்வின் சிரித்தாள். "ஏய், என்னடி இது. உன் குரலா கேக்குது. 'நான்தான் மேகலா, கதவத் திற'ங்குது. நிஜமாவே வந்துட்டியா? சொல்லவே இல்லையேடி."

திறக்காதே. ஒரு சொல். அதைச் சொல்வதற்கு ஒரு நொடிகூட ஆகாது. மேகலா உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த நேரத்தில் மனசுக்குள் ஓடியது என்ன தெரியுமா... சிவப்புக் கம்பளிக் குல்லாய். அவளே அண்ணனிடம் சொன்னது இது.

போனை அறையிலேயே வைத்துவிட்டு மாடிப்படியில் பர்வின் இறங்கும் சத்தம். தாழ்ப்பாள் நகரும் சத்தம். காற்று. பிறகு கதவு சாத்திக்கொண்டது. டொக்... டொக்... படியேறி வந்தது. போனுக்குப் பக்கத்தில் ஒரு மூச்சு. மேகலா தன் காதில் தன் குரலையே கேட்டாள்.

"நீ சொன்ன மாதிரியே இருக்கு."

போன் கட்டாகிவிட்டது.

விடிந்தபோது பர்வினைக் குன்றின் மேல் அந்தப் புல்வெளியில் கண்டெடுத்தார்கள். வெறுங்காலோடு. உயிர் இருந்தது. கால் விரல்கள் இரண்டை எடுக்க வேண்டியதாயிற்று. ஆறு வாரம் கழித்து ஊருக்குக் கொண்டு வந்தார்கள்.

மேகலா சீர்காழிக்குப் போனாள். செந்தில்தான் கூட்டிக்கொண்டு போனான். பர்வினின் அம்மா ரஹ்மத் பீவி வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டு, "உன் பேரைத்தான் சொல்லிக்கிட்டே இருக்கா. நீ வந்து பேசும்மா, உனக்காவது பதில் சொல்றாளான்னு பாப்போம்" என்றார்.

பர்வின் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பத்து விரலிலும் நகம் இல்லை. மேகலாவைப் பார்த்ததும் கோபப்படவில்லை, அழவில்லை. புரியாததைக் கேட்கிற பிள்ளை மாதிரிக் கேட்டாள்.

"நான் திறந்தேனேடி. அப்புறம் ஏன் என்னை வெளிய இழுத்து விட்டுட்டு, நீ உள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்ட? எவ்வளவு நேரம் தட்டினேன். உனக்குக் கேட்டுச்சில்ல?"

மேகலா எழுந்து வெளியே வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்துதான் எல்லாவற்றையும் அண்ணனிடம் சொன்னாள். மறுநாளிலிருந்து வேலைக்குப் போகவில்லை. அறையை விட்டு வெளியே வரவில்லை.

பங்குனியில் ஏஜென்சியிலிருந்து செந்திலுக்குப் போன் வந்தது. "என்ன சார், தங்கச்சி எங்க மூலமா போகாம நேரா போயிட்டாங்களா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்று குறைப்பட்டுக்கொண்டார் அந்த ஆள். செந்திலுக்கு ஒன்றும் புரியவில்லை. மேகலா பக்கத்து அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள்.

அந்த ஆள் ஒரு மெயிலை அனுப்பி வைத்தார். இல்லத்தின் அம்மாள் எழுதியது. நல்ல பெண்ணை அனுப்பியதற்கு நன்றி, பாஷை பிரமாதம், எங்கள் பக்கத்துப் பழைய சொல்லெல்லாம்கூடத் தெரிந்திருக்கிறது, ராத்திரி டியூட்டியில் தூங்குவதே இல்லை என்று. கீழே ஒரு போட்டோ. வேலை பார்ப்பவர்கள் எட்டுப் பேர் வாசலில் நிற்கிறார்கள். ஓரத்தில், சிவப்புக் குல்லாய் போட்டுக்கொண்டு, சிரித்தபடி... மேகலா.

செந்தில் போட்டோவை மூடினான், மறுபடியும் திறந்தான். காட்டுவதா வேண்டாமா என்று ரொம்ப நேரம் யோசித்தான். கடைசியில் அறைக்குள் போய், போனை அவளிடம் நீட்டினான்.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். போட்டோவை இரண்டு விரலால் பெரிதாக்கினாள். அந்த ஓரத்து முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். கண்ணெல்லாம் பொறாமை. கீழே எழுதியிருந்த பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"மேகலான்னு போட்டிருக்கு" என்றாள். "இவளுக்கு மட்டும் எப்படிக் கிடைச்சுது... யாருண்ணே இவ?"