அப்பளக் கேடயம்

சபரிநாதன்: ...நல்லாக் கேட்டுக்க தம்பி. எங்க பூட்டன் எவன் முன்னாலயும் தலை குனிஞ்சதில்ல. வெள்ளைக்காரத் தொரை குதிரையில வந்து நின்னப்பவே நிமிந்துதான் பாத்தாராம். அந்தக் கம்பீரம் படத்துல வரோணும்.

ஃபைஸான்: வந்துரும்ணா. ஆனா... இந்த போட்டோல குனிஞ்சில்ல இருக்காரு?

சபரிநாதன்: அது வந்து...

தனப்பிரியா: சாப்புடறாருங்க தம்பி. கல்யாணப் பந்தி. எலைல ரசம் ஓடுறப்ப நிமிந்து உக்காந்தா ஆகுமுங்களா?

சபரிநாதன்: தனம், நீ சித்த சும்மா இரு.

ஃபைஸான்: வேற போட்டோ இல்லைங்களாண்ணா? சின்னதா இருந்தாக்கூடப் பரவால்ல.

சபரிநாதன்: இது ஒண்ணுதான். எங்க அத்தை பெட்டில கெடந்துச்சு. இதைய நாலடிக்கு, கையில வரைஞ்ச ஆயில் பெயிண்டிங்காட்டம் மாத்திக் குடு. சனிக்கெழமை சாயந்தரம் திருச்செங்கோட்டுல எங்க ஊட்டு ஹால்ல தொங்கோணும்.

ஃபைஸான்: அதுக்குள்ளயாண்ணா? இங்க ஸ்டுடியோல கல்யாண ஆல்பமே முடியாமக் கெடக்குது. அஸ்தம்பட்டில இருக்கற இன்னொரு கடையையும் நாந்தான் பாக்கணும்...

தனப்பிரியா: நாஞ்சொல்றேன் கேளுங்க தம்பி. எங்க பையனுக்கு ஓமலூர்ல பொண்ணு பேசிட்டிருக்கறமுங்க. அவங்க ஹால்ல இத்தாம்பெருசு படம். தலப்பாவும் அதுவுமா அவங்க பூட்டனாரு. அதையப் பாத்ததும் இவரு வாயி சும்மா இருந்துச்சா? "எங்க ஊட்லயும் இருக்குது, இதைவிடப் பெருசு"ன்னுட்டாரு.

சபரிநாதன்: பேச்சுவாக்குல வந்துருச்சு.

தனப்பிரியா: "அப்ப ஞாயித்துக்கெழமை பாக்க வாரோம்"னு அவங்களும் பேச்சுவாக்குல சொல்லிட்டாங்க. எங்க ஹால்ல தொங்கறது போர்வெல் வண்டிக்கு டயர் வாங்குன கடை காலண்டருங்க. சொன்னது பொய்யின்னு தெரிஞ்சா சம்பந்தம் அதோட போச்சு. பையன் என்னடான்னா அந்தப் புள்ளைகிட்டப் பேசிப் பேசிப் போனப் பாத்தே சிரிச்சுட்டுத் திரியறான்.

ஃபைஸான்: அப்பச் செஞ்சிரலாங்க்கா. மொதல்ல தலைய நிமித்தணும். நிமித்துனா கழுத்து வேணும், இதுல கழுத்தே தெரியல. அண்ணா, உங்க கழுத்த எடுத்துக்கவா?

சபரிநாதன்: தாராளமா எடு. ஒரே ரத்தம்... பொருந்தாமப் போயிருமா?

தனப்பிரியா: ஒரே ரத்தமுங்களா... ஹிஹி.

ஃபைஸான்: அக்கா ஏன் சிரிக்கறீங்க?

தனப்பிரியா: ஒண்ணுமில்லீங்க. நீங்க பாருங்க.

ஃபைஸான்: பெயிண்டிங் பட்டன அமுக்கிட்டேன். சுத்துது... சுத்துது... வந்துருச்சு.

தனப்பிரியா: மூஞ்சியெல்லாம் மஞ்சளரைச்சுப் பூசுனாப்பல இருக்குதே.

ஃபைஸான்: பிரஷ் தடம் கூடிப்போச்சு. கொறைக்கறேன். "ராஜா மாதிரி"ன்னு ஒரு வார்த்தையும் அடிச்சு வுட்டு... இப்பப் பாருங்க.

சபரிநாதன்: ஆகா... கையில என்ன தம்பி, முத்தா?

ஃபைஸான்: சோறுண்ணா. பெசஞ்ச சோத்தக் கம்ப்யூட்டர் முத்துன்னு எடுத்துக்கிச்சு. மாத்திரவா?

சபரிநாதன்: தொடாத. முத்து அள்ளிக் குடுக்கற வள்ளலாட்டம் இருக்குது. இந்தக் கேடயம்?

தனப்பிரியா: அப்பளமுங்க மாமா.

சபரிநாதன்: வாளு?

தனப்பிரியா: முருங்கக்கா. போட்டோவப் பாருங்க, சாம்பார்ல கெடக்குது.

சபரிநாதன்: இருக்கட்டும். வாளும் கேடயமும் நாமளா கேட்டு வாங்குல, தானா வந்துது. அப்படின்னா வம்சத்துல ஏதோ இருந்திருக்குது.

தனப்பிரியா: பசி இருந்திருக்குது.

ஃபைஸான்: அந்தக் கையில ஆறு வெரல் வந்துருச்சுண்ணா. அது மட்டும் கம்ப்யூட்டர் தப்பு.

சபரிநாதன்: ஆறு வெரல் ராசின்னு சொல்லுவாங்க.

தனப்பிரியா: உங்களுக்கு அஞ்சுதான் இருக்குதுன்னு அவங்க எண்ணிப் பாத்துருவாங்க. எடுத்துருங்க தம்பி.

ஃபைஸான்: எடுத்துட்டேன். பக்கத்து எலைக்காரரு முழங்கை இங்க நீட்டிட்டிருக்குது. அதையும்...

சபரிநாதன்: அதுக்கு ஒரு சட்டை மாட்டி வுடு. மந்திரின்னு சொல்லிக்கலாம்.

ஃபைஸான்: சரிண்ணா. பழைய படம்னு நம்பணும்னா மேல லேசா விரிசல் வுடலாம். பெயிண்ட் காஞ்சு வெடிச்ச மாதிரி.

சபரிநாதன்: விரிசலா? வேண்டாம் சாமி. புது ஊட்டுச் சுவத்துல விட்ட விரிசலுக்கு இப்பத்தான் பட்டி பாத்து முடிச்சேன். அதுல கொண்டுபோயி இன்னொரு விரிசல மாட்டறதா?

தனப்பிரியா: ஏந்தம்பி, இந்த மூலைல இங்கிலீசுல என்னமோ எழுதியிருக்குதே?

ஃபைஸான்: அது "ட்ரையல்"னு இருக்குதுக்கா. சாப்ட்வேர்க்காரன் போடறது. நாங்க இன்னும் காசு கட்டல. கட்டுனாப் போயிரும்.

சபரிநாதன்: கட்டாத.

ஃபைஸான்: அண்ணா?

சபரிநாதன்: வரைஞ்சவரு பேருன்னு இருக்கட்டும். ட்ரையல் தொரை.

தனப்பிரியா: குதிரையில வந்தாரே, அவருங்களா?

சபரிநாதன்: அவரேதான். பூட்டன் நிமிந்து பாத்தாரல்ல, அதுல அசந்துபோயி வரைஞ்சுட்டுப் போனாரு.

ஃபைஸான்: அப்படியே வெச்சிரலாண்ணா. எனக்கும் செலவு மிச்சம். பிரேம் தேக்குக் கலர்ல போடறேன். கீழ ஒரு பித்தளைத் தகடு. அதுல பேரு என்னன்னு வெட்டணும்?

சபரிநாதன்: பேரா...

ஃபைஸான்: ஆமாண்ணா. ஓமலூர்க்காரங்க வந்ததும் அதத்தான் கேப்பாங்க.

சபரிநாதன்: "பூட்டனார்"னு வெட்டு.

ஃபைஸான்: அது மொறைண்ணா. பேரு?

சபரிநாதன்: "பெரியவர்"னு...

ஃபைஸான்: போட்டோ அத்தை பெட்டில இருந்ததுன்னீங்கல்ல? ஒரு போன் போட்டா அவங்களே சொல்லிருவாங்க.

தனப்பிரியா: பாவாயி அத்தைகிட்டக் காலையிலயே கேட்டாச்சுங்க தம்பி.

ஃபைஸான்: என்ன சொன்னாங்க?

தனப்பிரியா: ஏனுங்க மாமா... சொல்லட்டுங்களா?

சபரிநாதன்: நீயே சொல்லு. எனக்குத் தண்ணி தவிக்குது.

தனப்பிரியா: பூட்டன் போட்டோவே எடுத்ததில்லையாம். கேமராப் பொட்டியத் தூக்கிட்டு போட்டோக்காரரு வந்தாப் பயந்துக்கிட்டுச் சோளக்காட்டுக்குள்ள போயி உக்காந்துக்குவாராம்.

ஃபைஸான்: அப்ப... இவரு யாருக்கா?

தனப்பிரியா: தெரியலீங்க. அந்தப் பந்தில இவருக்குத்தான் மீசை பெருசா இருந்துச்சு.