முன்பணமாக ஒரு மொட்டை

"ரூம் பெருக்கப் போறப்போ காதை வீட்லயே கழட்டி வச்சுட்டுப் போறியா?" என்று நைனா ஒருமுறை கேட்டார். நியாயமான கேள்விதான். திருப்பதியில் நான் வேலை செய்யும் லாட்ஜில் பெரிய மனிதர்கள் தங்குவார்கள், பேசுவார்கள். பெருக்குகிறவளுக்குக் காது உண்டு என்பது அவர்களுக்குத் தோன்றாது.

நைனாவுக்கு அப்போது ஷேர் பைத்தியம். எங்கள் ஊர் விஜயபுரத்தில் கடலை பயிர் வைக்கிற பாதிப் பேருக்கு அது தொற்றியிருந்தது. உரக்கடை உமாபதி மாமாதான் குரு. கடலை உடைக்கும் மெஷின் செய்கிற ஒரு கம்பெனி, இன்னொரு கம்பெனியோடு காப்புரிமை வழக்கில் சிக்கிக் கிடந்தது. பழைய முதலாளி ஒதுங்க, அவர் மகள் தாட்சாயணி அம்மா தலைமைக்கு வந்தார். அவர் எதிராளியோடு ராஜி பேசி வழக்கை முடித்துவிடுவார், முடித்தால் ஷேர் எகிறும் என்று மாமா ஊரை நம்ப வைத்திருந்தார்.

அந்த அம்மா சாமி கும்பிட வந்து எங்கள் லாட்ஜில்தான் தங்கினார். மலைக்கு முடியோடு போனவர் மொட்டையோடு இறங்கினார். அதை வீட்டில் சொன்னேன். உண்மையைத்தான் சொன்னேன், மற்றதை அவர்களே சேர்த்துக்கொண்டார்கள். எங்கள் பக்கத்தில் காரியம் முடிந்த பிறகுதான் பெருமாளுக்கு முடி கொடுப்போம். முன்பணம் கொடுக்கும் அளவுக்கு அவர்மேல் யாருக்கும் நம்பிக்கை இல்லை.

"மொட்டையே அடிச்சுக்கினாங்கன்னா ராஜி ஆயிடுச்சு, கோவர்த்தனா," என்றார் மாமா நைனாவிடம். "ஏழுமலையானே டிப்ஸ் குடுத்துக்கினு இருக்காரு. இன்னும் என்னா யோசனை?"

நான் தலையணை உறை மாற்றிக்கொண்டிருந்தபோது அந்த அம்மா வக்கீலிடம் போனில் "ராஜீ லேது", ராஜி கிடையாது, என்றதை நான் சொல்லவில்லை. கடைசிக் கோர்ட் வரை போகப் போகிறாராம். அதில் ஜெயிக்கத்தான் முடியை முதலிலேயே கொடுத்துவிட்டாராம். ஹைதராபாத்தில் வளர்ந்தவர், எங்கள் வழக்கம் தெரியாது. இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

அக்கா கீர்த்தி மட்டும் கேட்டாள்.

வகுப்பில் வாய் திறக்க முடியாமல் பத்தாவதோடு நின்றவள் நான். அதற்குப் பிறகு எனக்காகப் பேசியதெல்லாம் அக்காதான். கண்டக்டரிடம் டிக்கெட் கேட்டதும், டாக்டரிடம் என் வயிற்றுவலியைச் சொன்னதும், லாட்ஜில் வேலை வாங்கித் தந்ததும் அவள். அவளுக்கு பெங்களூரில் நர்சிங் சீட் கிடைத்திருந்தது. தடா பக்கம் கம்பெனி வேலைக்குப் போய்ச் சேர்த்த பீஸ் பணம் அவள் பேரில் பாங்கில் கிடந்தது. ஷேர் வாங்க அதைக் கேட்டுத்தான் நைனா நச்சரித்துக்கொண்டிருந்தார்.

துணி உலர்த்திக்கொண்டே கேட்டாள். "நைனா பேச்சை விடு. நீ சொல்லு பாப்பா, நெஜமா ராஜி ஆயிடுச்சா? நீ சொன்னா குடுத்துடறேன்."

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

ஏன் என்று கேட்பீர்கள். பெங்களூரில் குளிர் அதிகம். அக்காவுக்குச் சீக்கிரம் சளி பிடிக்கும். அதுவும் நர்ஸ் வேலை, ஊரார் மூத்திரத்தை அள்ள வேண்டும். அவள் நல்லதுக்குத்தான் செய்தேன்.

அடுத்த வாரம் தாட்சாயணி அம்மா டிவியில் வந்தார். மொட்டையைத் தடவிக்கொண்டே, வழக்கு தொடரும் என்றார். திருப்பதி லாட்ஜ் ரூமிலிருந்தே வக்கீலுக்குச் சொல்லிவிட்டாராம். ஷேர் விழுந்தது, அக்காவின் பீஸ் பணமும் அதோடு போனது. மாமா கடையைப் பூட்டிக்கொண்டு காணாமல் போனார். நைனா பெருமாள் படத்தைச் சுவர் பக்கமாகத் திருப்பி வைத்தார். ஊரில் சில கல்யாணங்கள் நின்றன. அதற்கெல்லாம் நான் பொறுப்பில்லை. அவர்களுக்கு வாய் இருந்தது, கேட்டிருக்கலாம். நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

"உனுக்குத் தெரியுமா?" என்று அக்கா மெதுவாகக் கேட்டாள்.

அவளிடம் மறைப்பது எனக்குப் பிடிக்காது. "தெரியும்க்கா. நீ ஊரை உட்டுப் போவக் கூடாதுன்னுதான் சொல்லல," என்றேன்.

நான் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி அவள் கேட்டதில்லை. சந்தோஷப்படுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் நாலு துணியைப் பையில் திணித்தாள். செருப்பை மாட்டினாள். நான் கூடவே ரோடு வரைக்கும் போனேன். புத்தூர் பஸ் வந்து நின்றது. என் முகத்தைப் பார்த்தாள், பிறகு ஒரு வார்த்தையும் பேசாமல் ஏறிப் போனாள்.