சத்தம் போடாத கமரா

பூநகரியிலிருந்து கிளிநொச்சி போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு நண்பர்கள் இருந்தார்கள். ஒருவர் தொலைநோக்கி வைத்து நட்சத்திரங்களைப் படமெடுப்பவர். அவர்தான் கேட்டார்.

“சத்தம் போடாத கமரா ஒண்டு சொல்லு மச்சான்.”

“நட்சத்திரத்தைப் பாத்து, தொலைநோக்கியைத் திருப்பிற மோட்டரைச் சரிபண்ணுற சின்னக் கமரா தானே? அது சத்தம் போடாது. தனியா ஒரு சின்னத் தொலைநோக்கியில பூட்டுறதோ, பெரியதிலயே பூட்டுறதோ எண்டதை மட்டும் யோசி.”

“எதில பூட்டினாலும் மோட்டர் இரையுமெல்லோ?”

“ஓம். மோட்டர் ஓடாட்டி படத்தில நட்சத்திரமெல்லாம் கோடாத்தான் விழும்.”

“அப்ப வேண்டாம்.”

“ஏனடா?”

“போன கிழமை ராத்திரி வீட்டு முத்தத்தில வச்சு மோட்டரை ஓடவிட்டனான். பக்கத்து வீட்டு அக்கா வண்டு எண்டு நினைச்சு, பிள்ளையளையும் இழுத்துக்கொண்டு போய் வாய்க்காலுக்குள்ள படுத்திட்டா.”

யுத்த காலத்தில் மேலே இரைந்துகொண்டு சுற்றிய வேவு விமானத்தை இங்கே வண்டு என்றுதான் சொல்வார்கள்.

“விடிய மன்னிப்புக் கேக்கப் போனனான். அவாதான் வெக்கப்பட்டு அழுதா. ‘பயந்திட்டன் தம்பி, ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ’ எண்டா.”

சொல்லி முடித்த பிறகுதான் அவர் திரும்பிப் பார்த்தார். பின்னால் நானும் இன்னும் நாலைந்து பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம். இறங்கும்வரை அவர் தலை நிமிரவில்லை.