ரெட்டைக்கட்டு

இப்ப ஆத்துல ஓடுத தண்ணிக்குப் பாட்டன் பூட்டன் தண்ணி ஓடுன காலம். அந்தக் காலத்துல இதே சுனையூர்ல குழல்வாய்மொழின்னு ஒருத்தி இருந்தாளாம். அம்புட்டு நீளப் பேரைக் கூப்பிட யாருக்கு நேரம்? ஊரே மொழியம்மைன்னு கூப்பிட்டுச்சாம். உக்காருங்க, சொல்லுதேன். ஒரு ஏடு கேட்டு வந்தா ரெண்டைத் தாரானேன்னு மூஞ்சியத் தூக்கிட்டு நிக்கியள்லா, அதுக்குப் பதிலு இதுலதான் இருக்கு.

இந்த ஏட்டு வீட்டை உண்டாக்குனது அவ அப்பா வேலாயுதம் பிள்ளை. மடம் மடமா அலைஞ்சு, சாமியார்மார் காலைப் பிடிச்சு, பாட்டெல்லாம் ஓலையில எழுதி வாங்கியாந்தாராம். அம்புட்டும் சாமி பாட்டு. சோசியம் கேட்டா கிடையாது, வைத்தியம் கேட்டா கிடையாது. மனுசனுக்கு மனசு கலங்குத நேரத்துக்கு மட்டுந்தான் அங்க ஏடு. பயணம் போறவனுக்கு ஒண்ணு. புது வீடு போறவனுக்கு ஒண்ணு. புள்ள பெறுதவளுக்கு ஒண்ணு. போய்ச் சேருதவனுக்கு ஒண்ணு. யாரு வந்து கேட்டாலும் இரவல் குடுப்பாவளாம். திருப்பிக் கொண்டாரும்போது வாசல்ல நின்னு, "வாசிச்சு முடிச்சாச்சு"ன்னு சொல்லணும். வேற ஒண்ணும் வேண்டாம்.

ஏன் அப்படிச் சொல்லணும்னா, பிள்ளைவாள் ஒரு சட்டம் போட்டிருந்தாரு. ஏட்டுக் கயித்தை அவுத்துட்டா கடைசி ஓலை வரைக்கும் வாசிச்சிரணும். நடுவுல நிறுத்தக் கூடாது. பாதியில நிறுத்துனா, எந்தக் காரியத்துக்கு வாசிச்சாவளோ அந்தக் காரியமும் பாதியில நின்னுரும். அதனால ஏட்டு வீட்டுக்காரவளே சும்மா அவுத்துப் பாக்க மாட்டாவ. மேல பேரும் எழுதலை. துணியப் பாத்துத்தான் எடுத்துக் குடுக்கது. மஞ்சத்துணி சுத்தியிருந்தா புள்ளப்பேறு ஏடு. வெள்ளத்துணி சுத்தியிருந்தா வழியனுப்பு ஏடு. பெரிய மனுசன் போட்ட சட்டம், அதுல என்ன ஓட்டை இருக்கப் போவுதுன்னு எல்லாரும் இருந்துட்டாவ.

பிள்ளைவாள் காலத்துக்குப் பொறவு மொழியம்மைதான் பாத்துக்கிட்டா. புருசன் போயிட்டான். ஒரே மக, மங்கைன்னு பேரு. அந்த மங்கைக்கு ரெண்டு புள்ள பிறந்து ரெண்டும் தங்கலை. ரெண்டு பேறும் இந்த ஏட்டு வீட்டுலதான் பாத்தது. மூணாவது உண்டானப்ப சம்பந்தக்காரி, உங்க வீடு எங்களுக்கு ஆகி வரலைன்னு மூஞ்சிக்கு நேராச் சொல்லிட்டாளாம், பேறு எங்க வீட்டுலயே இருக்கட்டும்னுட்டா. மொழியம்மை சரின்னுட்டாளாம். என்னத்தச் சொல்ல? பெத்த வயிறு, இந்தப் புள்ளையாவது தங்கணுமேன்னு கிடந்து வேவுது.

வருசா வருசம் வெயில் காலத்துல ஏட்டையெல்லாம் முத்தத்துல பரப்பி, துணிய அலசிப் போட்டு, ஓலை ஓரத்துக்குப் புல்லெண்ணெய் தடவுவாவ. பூச்சி அரிக்காம இருக்கும். கயித்தை அவுக்க மாட்டாவ, மேலாக்கத்தான். அந்த வருசமும் அப்படிப் பரப்பி வச்சிருக்கா. உடம்பு முத்தத்துல இருக்கு, மனசு மக வீட்டுல இருக்கு. எங்கருந்துதான் வந்துச்சோ, திபுதிபுன்னு ஒரு கோடை மழை. அள்ளுதா, ஓடுதா, வைக்கா, திரும்ப அள்ளுதா. கைக்கு அகப்பட்ட ஏட்டுல கைக்கு அகப்பட்ட துணியச் சுத்தி உள்ள வச்சுட்டா. புள்ளப்பேறு ஏடும் வழியனுப்பு ஏடும் ஒரே நீளம், ஒரே கனம். ஒண்ணும் நனையலையேன்னு அவளுக்கு நிம்மதியாம்.

மறுநாள் காலையிலயே ரெண்டு பேரு வந்தாவ. ஒருத்தன் மருமகன் பால்வண்ணம், மங்கைக்கு வலி எடுத்துருச்சுன்னு ஓடி வந்தான். மஞ்சத்துணி ஏட்டை எடுத்துக் குடுத்தா. பின்னாலயே தலைவாசல் வீட்டு ஆனையப்பரோட மூத்த மகன். ஆனையப்பர்னா ஊருல பெரிய ஆளு, படுத்த படுக்கையாக் கிடக்காரு. போகவும் மாட்டாரு, இருக்கவும் மாட்டாரு. கட்டில் சட்டத்தைப் பிடிச்ச பிடியை விட மாட்டேன்னு கிடக்காராம். அந்த மகனுக்கு வெள்ளத்துணி ஏட்டைக் குடுத்தா. குடுத்துட்டு வீட்டைச் சாத்திட்டு, வெந்நிக்குப் போட நொச்சி இலையும் பழந்துணியும் எடுத்துக்கிட்டு மக வீட்டுக்குக் கிளம்பினா.

போற வழியிலதான் ஆனையப்பர் வீடு. உள்ள ஏடு வாசிக்குத சத்தம் தெருவுக்குக் கேக்குது.

"பயப்படாதே கண்ணே, வார பாதை இருட்டுதான். உன்னை வாங்கிக்கக் கைய நீட்டி நிக்கா ஒருத்தி."

மொழியம்மை நின்னுட்டா. நாம எந்த வீட்டு வாசல்ல நிக்கோம்னு ஒரு நிமிசம் குழம்பிட்டாளாம். இந்தப் பாட்டு அவளுக்குத் தெரியும். மங்கை பிறந்தப்பப் பிள்ளைவாள் தலைமாட்டுல உக்காந்து வாசிச்ச பாட்டு. அந்தக் குரல் இன்னமும் காதுலயே கிடக்கு. சாகப் போற மனுசன் வீட்டுல புள்ளப்பேறு பாட்டு எப்படி? ஜன்னல் வழியா எட்டிப் பாத்தா. மகன் மடியில கிடக்குத துணி வெள்ளை. துணி வெள்ளை, பாட்டு பேறு. அப்பத்தான் முந்தின நாள் மழை ஞாபகத்துக்கு வந்துச்சு. மாத்திச் சுத்திட்டோம்னு புரிஞ்சுச்சு. அப்பம் மக வீட்டுல என்னத்த வாசிச்சுக்கிட்டு இருக்கான்?

இலை ஒரு பக்கம், துணி ஒரு பக்கம். எடுத்தா ஒரு ஓட்டம்.

அங்க பால்வண்ணம் உள்கட்டுக் கதவுக்கு வெளிய உக்காந்து, மஞ்சத்துணிய மடியில போட்டுக்கிட்டு, பக்தியா வாசிக்கான். "இருந்தது போதும், கிளம்பு. குடியிருந்த கூடு இனி உனக்கு இல்லை. திரும்பிப் பாக்காதே, வாசல் திறந்திருக்கு." உள்ள மங்கை கத்துதா. கிளம்புன்னு சொல்லுதானே, யாரைக் கிளம்பச் சொல்லுதான்? என் மகளையா? நிறுத்துலேன்னு மொழியம்மை கத்த வாயெடுத்தா. எடுத்த வாயி அப்படியே நின்னு போச்சு. பாதியில நிறுத்துனா காரியம் பாதியில நின்னுரும்னு அப்பா சொன்ன சொல்லு. பாதிப் பேறுல நின்னா அவ கதி என்ன? நிறுத்துனா அப்படி, நிறுத்தாட்டா இப்படி. அந்தக் கதவடியில நின்னு அவ பட்ட பாட்டை நான் சொல்லி முடியாது. எம்புட்டு நேரம் நின்னாளோ, கடைசியில மருமகன் தோளைத் தொட்டு ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாளாம்.

"நிறுத்தாம வாசி அய்யா."

சொல்லிட்டு உள்ள போயி மக கையப் பிடிச்சுக்கிட்டா. மருத்துவச்சி தாங்கு தாங்குங்கா. வெளிய அவன் கிளம்பு கிளம்புங்கான். மொழியம்மை கண்ணை மூடிக்கிட்டு, அப்பா நீங்க போட்ட சட்டம், நீங்களே பாத்துக்கிடுங்கன்னு மனசுக்குள்ள அழுதுக்கிட்டே இருந்தாளாம். கடைசி ஓலை வாரதுக்குள்ள புள்ள விழுந்துருச்சு. பொட்டப்புள்ள. விழுந்ததும் வீல்னு ஒரே கத்து. மங்கையும் கண்ணு முழிச்சு, என்ன புள்ளன்னு கேட்டா. தாயும் சேயும் நல்லாருக்குன்னு மருத்துவச்சி சொல்லியும் பால்வண்ணம் எந்திரிக்கலையே. மிச்ச ஓலை இருக்குல்லா. புள்ள அங்க கத்த, இவன் இங்க கத்த, முடிச்சிட்டுத்தான் வந்து புள்ளையப் பாத்தானாம்.

மொழியம்மைக்குச் சந்தோசம் ஒரு கண்ணுல, பயம் ஒரு கண்ணுல. ஆனையப்பர் வீட்டுக்கு என்ன பதில் சொல்ல? போய்ச் சேர வேண்டிய மனுசனை வா வான்னு கூப்பிட்டு வச்சிருக்கே.

அவருக்குக் கருமாதிக் காரியமெல்லாம் முடிஞ்ச பொறவு மூத்த மகன் ஏட்டைக் கொண்டாந்தான். வாசல்ல நின்னு, வாசிச்சு முடிச்சாச்சுன்னான். ஏசப் போறான்னு இவ தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்கா. அவன் சொன்னானாம்.

"எங்க அப்பாவுக்குப் பயம்தான் ஆச்சி. பயத்துலதான் கட்டிலைப் பிடிச்சிருந்தாரு. கைய நீட்டி நிக்கா ஒருத்தின்னு வாசிச்சேன் பாருங்க, பிடியை விட்டுட்டு ரெண்டு கையையும் மேல தூக்கினாரு. தூக்கிக்கோன்னு கைப்புள்ள கேக்குமே, அப்படி. கடைசி ஓலை முடியவும் போயிட்டாரு."

மொழியம்மை அழுதுட்டா. அய்யா, நான் ஏட்டை மாத்திக் குடுத்துட்டேன்னு உண்மையச் சொல்லிட்டா. அவனுக்கும் குழப்பம். அப்பம் சரியான ஏட்டுல என்னதான் இருந்துச்சுன்னு கேட்டான். இவ சொன்னா. கேட்டுட்டு ஏட்டை அவ கையில வச்சான். இருந்தது போதும் கிளம்புன்னா எங்க அப்பா இன்னும் இறுக்கியில்லா பிடிச்சிருப்பாருன்னு சொல்லிட்டுப் போயிட்டான்.

சரி, இனியாவது துணிய ஒழுங்காச் சுத்துவோம்னு அவ ரெண்டு ஏட்டையும் எடுத்து வச்சு உக்காந்தா. சட்டப்படி ரெண்டையும் முழுசா வாசிச்சா. வாசிக்க வாசிக்கக் குழப்பம் கூடுதே ஒழியக் குறையலை. கிளம்பு, கூட்டை விடுங்கது வயித்துல இருக்க புள்ளைக்குச் சொன்னதா, கட்டில்ல கிடக்க மனுசனுக்குச் சொன்னதா? கைய நீட்டி நிக்காங்கது பெத்தவளா, தெய்வமா? எப்படிப் பாத்தாலும் எப்படியும் பொருந்துது.

அப்பத்தான் இன்னொண்ணும் ஞாபகத்துக்கு வந்துச்சு. மங்கை பிறந்த அதே மாசந்தான், இதே வீட்டுல, மொழியம்மையோட அம்மா செத்துப் போனா. ரெண்டுக்கும் அப்பாதான் வாசிச்சாரு, அதே தலைமாட்டுல, அதே குரல்ல. காதுல கிடக்க பாட்டு மக பிறந்தப்பக் கேட்டதா, அம்மா போனப்பக் கேட்டதா? அவளுக்குச் சொல்லத் தெரியலை, பொறவு புருசன் போனப்பவும் மங்கை பேறுகள்லயும் வாசிச்சது அழுகையில காதுல ஏறலை. அப்பம் மழையில ஏடு மாறிச்சா, மாறவே இல்லையா? ஒருவேளை சரியாத்தான் சுத்தியிருந்தாளோ?

ஊருல போயிக் கேட்டாளாம். புள்ள பெத்தவளைக் கேட்டா, எனக்கு வலியில காது அடைச்சுப் போச்சுங்கா. வாசிச்ச புருசனைக் கேட்டா, எனக்கு நடுக்கத்துல ஒண்ணும் மனசுல நிக்கலைங்கான். எழவு வீட்டுக்காரவளைக் கேட்டா, ஆளுக்கு ஒண்ணு சொல்லுதாவ. இத்தனை வருசம் ஊரே இரவல் வாங்கி வாசிச்சிருக்கு, இதுதான் அதுன்னு சொல்ல ஒரு ஆளு கிடையாது.

கடைசியில அவ மஞ்சத்துணியில பாதியும் வெள்ளத்துணியில பாதியும் கிழிச்சு, ஒண்ணா மூட்டித் தைச்சா. ரெண்டு ஏட்டையும் அதுல சேத்து வச்சு, ஒரே கயித்தால கட்டினா. பேறுன்னு வந்தாலும் அதுதான், சாவுன்னு வந்தாலும் அதுதான். அன்னையிலருந்து இந்த வீட்டுக்கு ரெட்டைக்கட்டு வீடுன்னு பேரு. பஸ்காரன்கூட இப்ப ரெட்டைக்கட்டு இறங்குன்னுதான் சொல்லுதான்.

துணி நைஞ்சு நைஞ்சு எத்தனையோ தரம் மாத்தியாச்சு, பாதி மஞ்சள் பாதி வெள்ளை மாறலை. நீங்களும் இப்பம் மகளுக்கு வலி கண்டிருக்குன்னு வந்திருக்கிய. இன்னொரு ஏடு எதுக்குய்யா, அபசகுனமால்லா இருக்குன்னு கேக்கிய. பிரிச்சுத் தர எனக்கும் ஆசைதான். ரெண்டையும் கொண்டு போங்க, முழுசா வாசிங்க. திருப்பிக் கொண்டாரும்போது எது எதுன்னு மட்டும் சொல்லுங்க. மொழியம்மை காலத்துலருந்து போறவ எல்லார்கிட்டயும் இதைத்தான் கேட்டு அனுப்புதோம். திரும்பி வந்தவ எல்லாரும் வாசல்ல நின்னு, வாசிச்சு முடிச்சாச்சுன்னு மட்டுந்தான் சொல்லுதாவ.