‘ஒன்னும் ஆகாது’ என்று சொல்லாத எங்கள் அக்காவுக்கு

அழுகையை அணைத்து, அச்சத்தை அமர்ந்து கேட்டு, அவசரத்தை மட்டும் அறை வாசலிலேயே நிறுத்திவைத்த அன்பின் அக்காவே! முப்பத்தொரு ஆண்டுகள் முகம் சுளிக்காமல், பிஞ்சுத் தொடைகளில் ஊசியையும் பெற்றவர் நெஞ்சுகளில் தெம்பையும் ஒருசேரச் செலுத்திய செவிலியர் திலகமே! பிள்ளைகள் கண்டதும் அலறினாலும், பெற்றோர் தேடிவந்து பேசிய பெருந்தகையே! தாங்கள் பணி ஓய்வு பெறும் இந்நாளில், இந்தச் சுகாதார நிலையத்தின் பணியாளர்கள் அனைவரும் எழுந்து நின்று இம்மடலைத் தங்கள் முன் படைக்கிறோம்.

‘தாங்கள்’, ‘திலகம்’ எல்லாம் மருந்தாளுநரின் வற்புறுத்தலால் வந்தவை. கேட்டதும் நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பீர்கள் என்று அவரிடம் அப்போதே சொன்னேன். மடல் எழுதும் பொறுப்பைப் பதிவு எழுத்தரான என் தலையில் கட்டியவர்கள், தடுப்பூசி அட்டை எழுதும் கைதானே, அழகாக எழுதிவிடும் என்று நம்பினார்கள். அந்தக் கையைப் பற்றியும் இந்த மடலில் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு முன் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுகிறோம்.

காலை ஏழரைக்கே வந்து தடுப்பூசிக் குளிர்பெட்டியின் வெப்ப அளவைப் பார்த்து எழுதிய கடமையுணர்வே! தாழ்வாரத்துக் கோடியில் இருக்கும் உங்கள் பத்தடி அறையில் தாய்க்கு ஒரு நாற்காலி போதும் என்றுதான் தளவாடம் கொடுத்தவர்கள் நினைத்தார்கள். மூன்று கடிதம் எழுதி, இரண்டாவது நாற்காலியைப் பிடுங்காத குறையாக வாங்கினீர்கள். “முடிவெடுக்கிறது ரெண்டு பேரு. ஒருத்தர நிக்க வெச்சா அவசரத்துல தலையாட்டிட்டு, வீட்டுக்குப் போயி சண்ட போட்டுக்குவாங்க” என்றீர்கள். அந்த இரண்டு நாற்காலிகளில் எத்தனை தம்பதிகள் உட்கார்ந்து, முறைத்து, முணுமுணுத்து, ஒரு முடிவுக்கு வந்தார்கள் என்பதற்குத் தாழ்வாரத்தில் வரிசையில் நின்றவர்களே சாட்சி.

பதினாறு ஆண்டுகளாக உங்களுக்கு இங்கே ஒரு பட்டப்பெயர் உண்டு. உங்கள் காதில் விழாது என்று நினைத்து நாங்கள் வைத்த பெயர் ‘ஆனா அக்கா’. “சிஸ்டர், இது நல்லதுதானே?” என்று எந்தத் தாய் கேட்டாலும், “நல்லதுதாம்மா. ஆனா ரெண்டு நாள் காய்ச்சல் வரலாம். ஆனா ஊசி போட்ட எடம் வீங்கலாம். ஆனா பல ஆயிரத்துல ஒரு குழந்தைக்கு வலிப்புகூட வரலாம். போடலைன்னா என்ன வரும்னும் சொல்றேன், ரெண்டையும் கேட்டுக்கோ” என்பீர்கள். வந்த கூட்டத்தை இந்த அம்மாவே விரட்டிவிடுவார் போலிருக்கிறதே என்று வெளியே நிலைய வண்டி ஓட்டுநர் தலையில் அடித்துக்கொள்வார்.

விரட்டவும் செய்தீர்கள். அந்தத் தச்சரை மறக்க முடியுமா? கைப்பேசியில் கண்டது, கேட்டது எல்லாவற்றையும் ஒரு தாளில் பன்னிரண்டு கேள்விகளாக எழுதிக்கொண்டு, கைக்குழந்தையோடு மனைவியையும் அழைத்து வந்தார். சாப்பாட்டு நேரம் முழுவதும் உட்கார்ந்து ஒன்பதுக்குப் பதில் சொன்னீர்கள். மீதி மூன்றுக்கு, “எனக்குத் தெரியல, டாக்டரக் கேட்டுச் சொல்றேன்” என்றீர்கள். அவர் ஊசி போடாமலே போய்விட்டார். அந்த மாதத் தடுப்பூசி இலக்கு குறைந்து வட்டார சுகாதார அலுவலர் எங்கள் எல்லோரையும் வாங்கு வாங்கென்று வாங்கினார். நீங்களோ மூன்று பதில்களையும் கேட்டு, மறுநாளே தச்சரைத் தொலைபேசியில் அழைத்தீர்கள். பதினோராம் நாள் அவர் குழந்தையோடு வந்தபோது, “அப்பவே போட்டிருக்கலாமே” என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. போன வாரம் அவர் மூன்றாவது பிள்ளையோடு வந்து, கேள்வித்தாள் இல்லாமல் உட்கார்ந்திருந்ததை எல்லோரும் பார்த்தோம்.

இவ்வளவு திறமையும் பொறுமையும் இருந்தும் நீங்கள் ஏன் தலைமைச் செவிலியர் ஆகவில்லை என்று புதிதாகச் சேர்கிறவர்கள் கேட்பார்கள். உங்கள் பணிப்பதிவேட்டில் ஒரே ஒரு கண்டனக் குறிப்பு இருக்கிறது என்பார் மருந்தாளுநர். எதற்கு என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். இங்கிருந்து ‘நாங்கள்’ என்று எழுத எனக்கு உரிமை இல்லை. சக பணியாளர்கள் மன்னிக்க வேண்டும், இனி வருவதை என் பெயரில் மட்டுமே சொல்கிறேன்.

பதினாறு ஆண்டுகளுக்கு முன் என் மகனுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போட வந்தேன். பயமாக இருக்கிறது என்றேன். அப்போது நீங்களும் எல்லோரையும்போல, “ஒன்னும் ஆகாதும்மா” என்றீர்கள். எட்டாம் நாள் காய்ச்சல் ஏறி அவனுக்கு வலிப்பு வந்தது. மூன்று நிமிடம்தான். மருத்துவமனைக்குப் போவதற்குள் நின்றுவிட்டது, மறுநாளே விளையாடினான், இன்று அப்பாவைவிட உயரம். ஆனாலும் அந்த மூன்று நிமிடம் என்னைவிட்டுப் போகவில்லை. நான்கு ஆண்டு கழித்து மகள் பிறந்தாள். அவளுக்கு முறை வந்தபோது ஊருக்கெல்லாம் அட்டை எழுதிய நான், ஊசி போடாமலே என் மகளின் அட்டையில் தேதியையும், மேசையில் இருந்த பெட்டியைப் பார்த்து பேட்ச் எண்ணையும் எழுதினேன். பதிவேட்டிலும் அதையே ஏற்றினேன். என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

மகளுக்கு ஏறக்குறைய இரண்டு வயதானபோது எங்கள் தெருவிலேயே தட்டம்மை பரவியது. விட்டுப்போன குழந்தைகள் யார் என்று நீங்கள் பதிவேட்டைப் புரட்டினீர்கள். அட்டையில் நான் உண்மையான நாளுக்கு முந்தைய தேதியைப் போட்டிருந்தேன். அந்த பேட்ச் எண் கொண்ட மருந்து நிலையத்துக்கு வந்ததோ, அந்தத் தேதிக்கு இரண்டு நாள் கழித்து. என்னைப் பதிவேடுகள் அடுக்கிய அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, மெதுவாகக் கேட்டீர்கள்: “உன் பொண்ணுக்கு நான் எப்போ போட்டேன்? எனக்கு நெனவில்லையே.”

நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். “அக்கா, அவன் கண்ணு மேல சொருகினத நீங்க பாக்கல. நான்தான் பாத்தேன்” என்று கத்தினேன்.

“பாக்கலதான்” என்று நீங்கள் தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். “அன்னிக்கு உன்கிட்ட ஒன்னும் ஆகாதுன்னு சொன்னது என் தப்பு. வரலாம்னு சொல்லியிருந்தா பயந்திருப்ப, ஆனா தயாரா இருந்திருப்ப. அன்னிலேருந்து அந்த வார்த்தைய நான் யார்கிட்டயும் சொல்றதில்ல. இப்பவும் இவளுக்கு வராதுன்னு எழுதித் தர மாட்டேன். வந்தா என்ன செய்யணும்னு தெரிஞ்சு வெச்சுக்குவோம். மொதல்ல குழந்த டாக்டரப் பாரு, வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லு. இது உங்க ரெண்டு பேர் முடிவு.”

என் கணவர் கோபப்படவில்லை. “அந்த அட்டையப் பாத்துதான் நான் இவ்ளோ நாளும் நிம்மதியா தூங்கினேன்” என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பதிலாக அவர் என்னை அடித்திருக்கலாம். மருத்துவரிடம் போனோம். காய்ச்சல் வலிப்பு பார்க்கத்தான் பயங்கரம், பெரும்பாலும் ஒரு பாதிப்பும் வைக்காது, தட்டம்மை அப்படி இல்லை என்று அவர் விளக்கினார். பிறகு உங்கள் அறையில், உங்கள் இரண்டு நாற்காலிகளில் உட்கார்ந்து, இருவரும் சேர்ந்து சரி என்றோம். ஊசி போட்டபின் பன்னிரண்டு நாளும் காலையில் தவறாமல் தொலைபேசியில் கூப்பிட்டு, “சுடுதா? சாப்பிட்டாளா?” என்று கேட்டீர்கள். ஒன்பதாம் நாள் லேசாகச் சுட்டது, மறுநாள் தணிந்தது. தெருவில் நான்கு குழந்தைகள் தட்டம்மையில் படுத்தார்கள். என் மகள் படுக்கவில்லை.

ஆனால் பொய்ப்பதிவை அப்படியே விட நீங்கள் சம்மதிக்கவில்லை. சிவப்பு மையில் அடித்து, ‘போடப்படவில்லை’ என்று எழுதி மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினீர்கள். யார் எழுதியது என்று விளக்கம் கேட்டார்கள். ‘என் அறையில் நடந்ததற்கு நானே பொறுப்பு’ என்று ஒற்றை வரியில் பதில் கொடுத்தீர்கள். கண்டனக் குறிப்பு வந்தது, தலைமைச் செவிலியர் பட்டியலிலிருந்து பெயர் போனது. நான் உங்கள் காலில் விழாத குறையாகக் கேட்டேன், உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று. “பயந்த தாய்க்கு வேல போச்சுன்னு வெளிய தெரிஞ்சா, நாளைக்கு எந்த அம்மாவும் இந்த அறையில வாயத் தொறக்க மாட்டா. பேசாம அட்டைய எழுது” என்றீர்கள். நானும் பேசாமல் இருந்துவிட்டேன். பத்து ஆண்டுகள். உங்களைவிட இளையவர்கள் வந்து உங்களுக்கு மேல் உட்கார்ந்தபோதும் பேசாமல்தான் இருந்தேன். அதற்கு உங்கள் சொல்லை ஒரு சாக்காக வைத்துக்கொண்டேன் என்பதே உண்மை.

பொறுமையின் பொன்மலையே, எங்கள் பிள்ளைகளின் காவலே! நல்ல உடலும் நிறைந்த உறக்கமும் கொண்டு, கடிகாரம் பார்க்காத காலைகளும், ஆறாமல் கிடைக்கும் தேநீரும், அழாமல் உங்களைப் பார்த்துச் சிரிக்கும் குழந்தைகளும் சூழ, நூறாண்டும் அதற்கு மேலும் நீங்கள் வாழ எங்கள் ஒவ்வொருவரின் நெஞ்சமும் வேண்டுகிறது.

அக்கா, நான் இதை எல்லோர் முன்னும் படிக்கும்போது நீங்கள் முன்வரிசையிலிருந்து வேண்டாம், வேண்டாம் என்று கையசைப்பீர்கள். இந்த ஒருமுறை உங்கள் பேச்சைக் கேட்கப்போவதில்லை. நடந்ததை முழுவதும் எழுதி, என் கையெழுத்திட்டு, அந்தக் கண்டனக் குறிப்பை உங்கள் பணிப்பதிவேட்டிலிருந்து நீக்கி என் பணிப்பதிவேட்டில் ஏற்றும்படி கேட்டு, இன்று காலை பத்து மணிக்கே அலுவலரிடம் கொடுத்துவிட்டேன். கணவரும் மகளும் உடன் வந்தார்கள்.

நன்றியில் நனைந்து நிற்கும்,
நிலையப் பணியாளர்கள் அனைவரும்,
அவர்களோடு, பதிவு எழுத்தர்