ஒரு தட்டா, ரெண்டு தட்டா

எனக்கு எழுபத்தி நாலு வயசு. ஆறு பிள்ளைகளை ஆளாக்கியவள், லேசில் பதறமாட்டேன். அன்றைக்கு புனே பக்கம் சிஞ்ச்வடில் லோக்கல் ரயில் ஏறினேன். எதிரே இரண்டு தமிழ்ப் பையன்கள்.

"கம்ப்யூட்டர்ல லினக்ஸை அப்டேட் பண்ணினேன் மச்சி, அப்பா குரல் போச்சு" என்றான் கண்ணாடி போட்டவன். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"எந்தக் குரல்டா?"

"தொண்டை ஆபரேஷனுக்கு முந்தி அவர் பேசினதை கம்ப்யூட்டர்ல பதிஞ்சு வெச்சோமே, அதுதான். இப்போ எதைப் போட்டாலும் சத்தமே வரலை."

"ரூட்டுங்கிற எஜமான் பேர்ல நுழைஞ்சு பார்த்தியா?"

"அதுல டிங்குன்னு சத்தம் வந்துது. எங்க பேர்ல நுழைஞ்சாத்தான் ஊமை."

"அட மண்டு! ஒண்ணும் கெடலைடா. சத்தம் கேட்க அனுமதி உள்ளவங்க பட்டியல்ல உங்க பேர் விட்டுப்போயிருக்கு. சேர்த்தா சரியாயிடும்."

கண்ணாடிக்காரன் முகம் வெளுத்துப்போச்சு.

"ஐயோ, போனது போனதுதான்னு, எல்லாத்தையும் அழிச்சுட்டு லினக்ஸைப் புதுசா போடச் சொல்லி அப்பா கையில சீடியைக் குடுத்துட்டு வந்தேனே!"

மொபைலில் வீட்டுக்குப் போட்டான்.

"அப்பா, சீடி போட்டாச்சா? போடலைன்னா போனை ஒரு தட்டு தட்டுங்க. போட்டாச்சுன்னா ரெண்டு."

பெட்டியில் தமிழ் தெரியாதவர்கள்கூட அவனையே பார்த்தார்கள்.

"ஒண்ணு" என்றான். இன்னொரு தட்டு வருதா என்று போனைக் காதில் அழுத்திக்கொண்டான். நானும் காதைத் தீட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்தேன்.

"ஒண்ணுதானேப்பா? தொடாதீங்க. இதோ வர்றேன்."

அடுத்த ஸ்டேஷனில் குதித்து ஓடினான்.

கண்ணு, பாட்டி சொல்லச் சொல்ல நீ எழுதினது சரியா என்று படித்துக் காட்டு. தடுக்கித் தடுக்கிப் படித்தாலும் பரவாயில்லை, வாய்விட்டுப் படி, உன் குரலை நான் கேட்கணும்.